பைக்குக்கு ஆயில் ஃபில்டரும் பெட்ரோல் ஃபில்டரும்: பார்த்து வாங்கி, சரியாக மாட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மூன்று வண்டியாவது நிற்கும். நான் மெக்கானிக் இல்லை. என் வண்டிக்கு நானே ஆயில் மாற்றுவதைப் பார்த்த தெருப் பையன்கள் தங்கள் வண்டியையும் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் பார்த்தது: ஸ்பேனர் பிடிக்கத் தெரியாமல் கெட்ட வண்டி குறைவு. கடையிலேயே தப்பான பொருளை வாங்கி, அதையே பிடிவாதமாக மாட்டிக் கெட்ட வண்டிதான் அதிகம். அதனால் பாதிக் கட்டுரை வாங்குவதற்கே போகும்.

1. முதலில், உங்கள் வண்டியில் எந்த ஃபில்டர் இருக்கிறது?

போன மாதம் ஒரு பையன் ஸ்பிளெண்டரோடு வந்தான். கையில் காகித ஆயில் ஃபில்டர். "அண்ணே, இது எங்க மாட்டணும்னே தெரியல" என்றான். தெரியாதுதான், அந்த வண்டியில் அதற்கு இடமே கிடையாது.

ஸ்பிளெண்டர், ஷைன் மாதிரி வண்டிகளில் மாற்றுகிற காகித ஃபில்டர் இல்லை. என்ஜினுக்குள் சுற்றும் முக்கியத் தண்டான கிராங்க் தண்டின் முனையில் சுழலும் ஒரு வட்டக் கிண்ணம் இருக்கும். ஆயில் அதற்குள் சுற்றும்போது கனமான துகள்கள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், தயிர் கடையும் பானையின் விளிம்பில் ஒட்டுவது போல. இதோடு ஒரு கம்பி ஜல்லடையும் உண்டு. இரண்டையும் கழுவித் துடைக்க வேண்டியதுதான், வாங்க ஒன்றுமில்லை. ஆனால் அவற்றைத் தொட கிளட்ச் பக்கத்து கவரைக் கழற்ற வேண்டும். கழற்றினால் புது கேஸ்கெட் (ஆயில் கசியாமல் இடையில் வைக்கும் தாள்) வேண்டும். ஆகவே ஸ்பிளெண்டர்காரர் கடையில் கேட்க வேண்டியது கவர் கேஸ்கெட்.

ஆக்டிவாவில் ஜல்லடை மட்டும். பெரிய போல்ட் மாதிரி ஒரு மூடிக்குள் ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருக்கும். மூடியைக் கழற்றும்போது ஸ்பிரிங்கும் ஜல்லடையும் சுடுஆயிலோடு சேர்ந்து தட்டில் விழும். பலர் அதைக் கவனிக்காமல் தட்டோடு கொட்டிவிடுவார்கள்.

பல்சர் 150, அப்பாச்சி, எஃப்இசட், கிளாசிக் 350 ஆகியவற்றில் மாற்றக்கூடிய காகித ஃபில்டர் உண்டு. பெரும்பாலும் என்ஜினின் வலது பக்கம் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும். இன்டர்செப்டர் 650-ல் காருக்கு வருவது போல் தகர டப்பாவாகவே திருகி மாட்டுகிற ஃபில்டர்.

பெட்ரோல் பக்கம் கேள்வி ஒன்றுதான்: கார்பரேட்டரா (பெட்ரோல் டேங்கிலிருந்து தானாக இறங்குவது), எஃப்ஐ-யா (ஃப்யூவல் இன்ஜெக்ஷன், பம்ப் தள்ளிப் பீய்ச்சுவது)? 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானபோது ஏறக்குறைய எல்லா வண்டியும் எஃப்ஐ-க்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய சின்ன வண்டிகள் பெரும்பாலும் கார்பரேட்டர். டேங்குக்கு அடியில் திருப்புகிற பெட்ரோல் டேப் இருந்தால் கார்பரேட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கூட்டருக்கு இந்த அடையாளம் உதவாது. இது தெரியாமல் பெட்ரோல் ஃபில்டர் வாங்கவே வாங்காதீர்கள். காரணம் 7-ஆம் பகுதியில்.

2. கடைக்குப் போவதற்கு முன்

வண்டியின் மாடலும் வருடமும் ஆர்சி புத்தகத்தில் இருக்கும், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "பல்சர்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் முதலில் கேட்பது "எந்த சிசி, எந்த வருசம் தம்பி?" என்பதுதான். ஒரே பெயரில் வந்த வண்டிக்குள்ளேயே என்ஜின் மாறியிருக்கும். கிளாசிக் 350 என்று இரண்டு தலைமுறை ஓடுகிறது, இரண்டின் என்ஜினும் வேறு வேறு.

அடுத்தது பார்ட் எண். வண்டியோடு வந்த கையேட்டில் இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரின் உதிரிபாக கவுன்டரில் கேட்டால் சொல்வார்கள். வாங்குவது வேறு கடையில் என்றாலும் எண்ணை அங்கே கேட்டுக்கொள்வதில் தப்பில்லை.

பழைய ஃபில்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாமா என்று கேட்பார்கள். போகாதீர்கள். முதலில், வண்டி ஆயில் இல்லாமல் வாசலில் நிற்கும். இரண்டாவது, உள்ளே இருந்தது சரியான ஃபில்டர் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு வண்டியில், உயரம் குறைவான ஃபில்டரைப் போட்டு இடைவெளியை நிரப்ப ஒரு வாஷரையும் அடைத்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைக் காட்டி அதே மாதிரி வாங்கியிருந்தால் தவறு தொடர்ந்திருக்கும்.

ஃபில்டரோடு சேர்த்து வாங்க வேண்டியவை: மூடிக்கான ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் (ஃபில்டர் பாக்கெட்டிலேயே வருகிறதா என்று பாருங்கள்), பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்கான வாஷர், கையேடு சொல்கிற கிரேடில் ஆயில். ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி இருக்க வேண்டும். பைக்கில் கிளட்ச் அதே ஆயிலுக்குள் நனைந்துதான் ஓடுகிறது. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு இது பொருந்தாது, அதற்கு எம்பி என்று தனியாக வரும்.

3. கடையில் பாக்கெட்டைப் பார்ப்பது

கடைக்காரர் இரண்டு மூன்று தரம் எடுத்து வைப்பார்: வண்டிக் கம்பெனியின் பெயரிலேயே வருவது, ஃபில்டர் மட்டுமே செய்கிற பெரிய கம்பெனிகளுடையது, பெயரே கேள்விப்படாத ஒன்று. முதல் இரண்டில் எதை வாங்கினாலும் எனக்குச் சம்மதம். மாலே, பாஷ் போன்ற கம்பெனிகள் வண்டித் தொழிற்சாலைகளுக்கே ஃபில்டர் கொடுப்பவர்கள். மூன்றாவதை விலைக்காகத் தொடாதீர்கள். ஒரு ஃபில்டரில் மிச்சமாவது ஒரு டீ, வடைக் காசு.

ஆனால் சிக்கல் அதுவல்ல. முதல் தரத்தின் டப்பாவுக்குள் மூன்றாம் தரத்தை வைத்து விற்பதுதான் சிக்கல். பாக்கெட்டில் விற்கும் பொருள் எதுவானாலும் தயாரித்தவர் அல்லது பாக் செய்தவரின் பெயர், முகவரி, மாதம் வருடம், எம்ஆர்பி, புகார் தொடர்பு எண் ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். போலியில் இவற்றில் ஏதாவது ஒன்று விடுபட்டிருக்கும், அல்லது ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கியூஆர் கோடு இருந்தால் கடையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். சும்மா ஒரு வெப்சைட்டின் முகப்புக்குப் போனால் அது சரிபார்ப்பு ஆகாது, அந்தப் பாக்கெட்டின் விவரம் வர வேண்டும்.

பில் கேளுங்கள். "பில்லு போட்டா விலை வேறண்ணே" என்று சொல்கிற கடையில் ஃபில்டர் வாங்காமல் இருப்பது நல்லது. வடக்கு வெளி வீதியில் ஒரு கடைக்கு இரண்டு கடை ஏறி இறங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

4. ஃபில்டரைக் கையில் எடுத்துப் பார்ப்பது

இங்கேதான் அவசரப்படக் கூடாது. கடையின் வெளிச்சத்திலேயே பார்த்துவிடுங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்த பின் மாற்றிக்கொடுக்க முகம் சுளிப்பார்கள்.

மடிப்பு. காகிதத்தை விசிறி மாதிரி மடித்து வட்டமாக்கியிருப்பார்கள். மடிப்பு அதிகமானால் பரப்பு அதிகம், பரப்பு அதிகமானால் அழுக்கு பிடித்தாலும் ஆயில் ஓட வழி இருக்கும். நல்ல ஃபில்டரில் மடிப்புகள் சம இடைவெளியில் நிற்கும். மட்டமானதில் ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் விரல் நுழைகிற அளவுக்கு விரிந்திருக்கும். ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தேன். உயரமும் விட்டமும் ஒன்றாக இருந்தும் மட்டமானதில் மடிப்பு ஏறக்குறைய பாதிதான் இருந்தது.

இணைப்பு. காகிதத்தின் இரண்டு முனையும் சேரும் இடத்தைத் தேடிப் பாருங்கள். அங்கே பசையோ தகரக் கவ்வியோ மேலிருந்து கீழ்வரை விடாமல் இருக்க வேண்டும். போன் டார்ச்சை உள் ஓட்டை வழியாக விட்டு வெளியிலிருந்து பாருங்கள். காகிதம் முழுவதும் மங்கலாக ஒளிர்ந்தால் சரி. ஊசிமுனை போல் வெளிச்சம் குத்தினால், ஆயில் அந்த வழியாகத்தான் போகும். காகிதம் ஏறத்தாழ 20, 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) துகளைப் பிடிக்கும். மனிதத் தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் பக்கம். ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் மற்ற காகிதமெல்லாம் வெறும் அலங்காரம்.

முனை மூடிகள். மேலும் கீழும் இருக்கும் தகர அல்லது ரப்பர் தட்டைக் கட்டைவிரலால் லேசாகத் திருகிப் பாருங்கள். அசையக் கூடாது. சூடான ஆயிலில் பசை விட்டால் காகிதம் கழன்று ஒரு பக்கமாக நசுங்கிவிடும்.

ஓட்டை. பெரும்பாலான காகித ஃபில்டரில் ஒரு முனை திறந்தும் மறுமுனை அடைத்தும் இருக்கும், அல்லது இரண்டு முனையிலும் ஓட்டையின் அளவு வேறுபடும். திறந்த முனையின் உள்விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கும். அது மெதுவாக, விரலுக்கு வளைந்து கொடுக்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் அது கடை அலமாரியில் பல கோடையைப் பார்த்த சரக்கு.

அளவு. வெர்னியர் என்ற அளவுகோல் இருந்தால் கொண்டு போங்கள். உயரம், வெளி விட்டம், உள் ஓட்டை ஆகிய மூன்றையும் உங்கள் பார்ட் எண்ணுக்குரிய கம்பெனி ஃபில்டரின் அளவோடு ஒப்பிடுங்கள். உயரம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே ஸ்பிரிங் அதைச் சரியாக அழுத்தாது. ஃபில்டர் உள்ளே ஆடும், வடிகட்டாத ஆயில் ஓரமாக ஓடிவிடும். வண்டி நன்றாகவே ஓடும், உங்களுக்கு எதுவும் தெரியாது.

திருகி மாட்டும் டப்பா வகைக்கு இன்னொரு விஷயம். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு டப்பாவில் மரையின் அளவு வேறாக இருக்கலாம். மரை பொருந்தினாலும் உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தம் வேறாக இருக்கலாம். ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருந்தாலோ, என்ஜின் ஆயில் இல்லாமல் சாகக் கூடாது என்று திறந்துவிடும் வழி அது. சீக்கிரம் திறந்தால் அழுக்கு ஆயில் போகும், தாமதமாகத் திறந்தால் ஆயிலே போகாது. ஆகவே "இந்த கார் ஃபில்டர் அப்படியே உட்காரும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

5. ஆயில் ஃபில்டர் மாட்டும் வரிசை

வரிசை முக்கியம், அதை மாற்றினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வண்டியை நான்கைந்து நிமிடம் ஓட விடுங்கள். ஆயில் இளகினால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். கொடைக்கானல் போய்வந்த சூட்டோடு திறக்காதீர்கள், கை வெந்துவிடும். வெதுவெதுப்பு போதும்.

சென்டர் ஸ்டாண்டில், சமமான தரையில் நிறுத்துங்கள். எங்கள் தெரு வாய்க்காலை நோக்கிச் சரிவு. ஒரு தடவை அப்படியே நிறுத்தி வடித்ததில் கால் டம்ளர் ஆயில் உள்ளேயே தங்கிவிட்டது.

எதையும் கழற்றும் முன் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அது இறுகித் திறக்காமல் போனால், கீழே வடித்த பிறகு வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

அப்புறம் டிரெயின் போல்ட். அதற்குச் சரியான ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர் மட்டும். முழுவதும் சொட்டி நிற்கப் பத்து நிமிடம் விடுங்கள். போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு முதலில் கையால் திருகுங்கள். நான்கைந்து சுற்று விரலாலேயே போக வேண்டும். போகவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது, திரும்பக் கழற்றுங்கள். என்ஜின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. சண்டை போட்டால் தோற்பது அலுமினியம்தான். மரை போய்விட்டால் லேத்துக்குப் போய்ப் புது மரை வைக்க வேண்டும், அந்தச் செலவில் வருடக்கணக்கில் ஃபில்டர் வாங்கலாம்.

இப்போது ஃபில்டர் மூடி. போல்ட்டுகளை ஒரே மூச்சில் கழற்றாமல், எல்லாவற்றையும் அரைச்சுற்று அரைச்சுற்றாகத் தளர்த்துங்கள். உள்ளே ஸ்பிரிங் இருக்கும். மூடி வரும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பழைய ஃபில்டர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போட்டோ எடுங்கள். பிறகு பழைய ஓ-ரிங் எத்தனை என்று எண்ணுங்கள். மூடியில் ஒன்று, உள்ளே ஒன்று என்று இருக்கிற வண்டிகளில் உள்ளே இருப்பது என்ஜினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேலேயே புதியதை வைத்துவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. இரண்டு வளையம் ஒன்றன் மேல் ஒன்று நிற்காது. நூறு கிலோமீட்டரில் ஒன்று பிதுங்கிக் கிழியும். திருகும் டப்பாவிலும் இதே கதை: பழைய டப்பா கழன்று வரும், அதன் ரப்பர் என்ஜினிலேயே இருந்துவிடும்.

உள்ளே இருக்கும் குழியைப் பஞ்சு உதிராத பருத்தித் துணியால் துடையுங்கள். பழைய லுங்கித் துணி நல்லது, டவல் வேண்டாம். ஓ-ரிங்குக்குப் புது ஆயிலை விரலால் தடவி வையுங்கள். காய்ந்த ரப்பர் மூடியை இறுக்கும்போது திருகிக்கொண்டு வெட்டுப்படும்.

ஃபில்டரை, எடுத்த போட்டோவைப் பார்த்து அதே முகமாக வையுங்கள். பழையதே தலைகீழாக இருந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கையேட்டுப் படத்தைப் பாருங்கள். இந்த ஒரு இடத்தில்தான் என்ஜின் சாகும். அடைத்த முனை ஆயில் வழியை மறைத்து உட்கார்ந்தால், என்ஜினின் மேல்பகுதிக்கு ஆயில் ஏறாது. மேலூர் ரோட்டில் அப்படி ஒரு வண்டி ஜாம் ஆகி நின்றதை நான் போய்ப் பார்த்தேன். வண்டிக்காரர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "நேத்துதாண்ணே சர்வீஸ் பண்ணேன்."

மூடிக்குக் கசிவடைக்கும் பேஸ்ட் தடவாதீர்கள். ஓ-ரிங் இருக்கும் இடத்தில் பேஸ்ட் தேவையே இல்லை. உள்ளே பிதுங்கும் பேஸ்ட் காய்ந்து துண்டாகி ஆயில் துவாரத்தில் போய் அடைக்கும். மூடிப் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, சமமாக இறுக்குங்கள். இவை சின்னப் போல்ட்டுகள். வழக்கமான அளவு 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான். இறுக்கும் பலத்தை அளக்கும் டார்க் ரெஞ்சு இல்லையென்றால் ஸ்பேனரின் நுனியைப் பிடிக்காமல் தலைக்குப் பக்கத்தில் பிடித்து இறுக்குங்கள், பலம் தானாகக் குறையும். டப்பா வகையானால் ரப்பரில் ஆயில் தடவி, ரப்பர் தொட்ட பின் கையால் முக்கால் சுற்று. அது போதும்.

கையேட்டில் ஆயில் அளவு இரண்டு எண்ணாக இருக்கும்: ஃபில்டர் மாற்றாமல் ஒன்று, மாற்றினால் ஒன்று. இரண்டாவது கொஞ்சம் அதிகம். அதில் சிறிது குறைவாகவே முதலில் ஊற்றுங்கள். மீதியை அளவு பார்த்துச் சேர்க்கலாம். அதிகமானதை வெளியே எடுப்பதுதான் பாடு.

6. முதல் ஸ்டார்ட்

புது ஃபில்டர் காலி. அது நிரம்பும் வரை மேலே ஆயில் போகாது. கிக்கர் இருந்தால் இக்னிஷனை ஆஃப் செய்து பத்துப் பதினைந்து தடவை மெதுவாக உதையுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ஆக்சிலேட்டரை முறுக்கக் கூடாது, அந்தச் சத்தம் கேட்கிற ஆசை எல்லோருக்கும் வரும்.

இரண்டு நிமிடம் ஓடியதும் ஆஃப் செய்து மூன்று நிமிடம் காத்திருந்து, அளவுக்குச்சியையோ கண்ணாடியையோ பாருங்கள். குச்சியைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேடு சொல்வதைச் செய்யுங்கள். ஆயில் வேண்டிய அளவு ஊற்றி, மூடிக்கு அடியிலும் டிரெயின் போல்ட்டிலும் விரல் வைத்துப் பாருங்கள். அடியில் ஒரு தினசரித் தாளை விரித்துவிட்டு இரவு விடுங்கள். காலையில் தாள் சொல்லிவிடும்.

பெரும்பாலான சின்ன வண்டிகளில் ஆயில் பிரஷர் விளக்கு கிடையாது. சந்தேகம் இருந்தால் ஐடிலில் என்ஜின் தலையில் உள்ள டாப்பெட் மூடியை லேசாகத் தளர்த்தி அங்கே ஆயில் வருகிறதா என்று பார்ப்பது பட்டறைகளில் வழக்கம். பழக்கமில்லாதவர் அதைப் பக்கத்தில் மெக்கானிக் இருக்கும்போது செய்யுங்கள்.

7. பெட்ரோல் ஃபில்டர்: எஃப்ஐ வண்டிக்காரர்கள் முதலில் இதைப் படியுங்கள்

எஃப்ஐ வண்டியில் ஃபில்டர் பெரும்பாலும் டேங்குக்குள், பம்போடு சேர்ந்து இருக்கும். பம்ப் பெட்ரோலை ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேங்கிலிருந்து சும்மா இறங்குகிறது. ஒரு அடி உயரத்துப் பெட்ரோலின் அழுத்தம் 0.02 பார்தான். நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். கடையில் ஐம்பது, நூறு ரூபாய்க்குத் தொங்கும் கண்ணாடி மாதிரியான குட்டி ஃபில்டர் இரண்டாவது வகைக்கு. அதை எஃப்ஐ குழாயில் செருகினால் ஒரு நாள் கழன்றோ வெடித்தோ சூடான என்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். தீப்பிடிக்க அது போதும்.

எஃப்ஐ வண்டியில் நீங்கள் செய்யக்கூடியது குறைவு, ஆனால் பயனுள்ளது. சாவி போட்டதும் இரண்டு மூன்று நொடி பம்ப் "உய்ங்" என்று பாடும். அதன் குரலைப் பழகிக்கொள்ளுங்கள், மாறினால் தெரியும். பெட்ரோலை எப்போதும் அடிமட்டத்தில் ஓட்டாதீர்கள். பம்பைக் குளிர வைப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். ஃபில்டர் மாற்றும் நேரம் வந்தால் சில வண்டிகளில் ஜல்லடை தனியாகக் கிடைக்கும், சிலவற்றில் பம்ப் முழுவதுமாகத்தான். வாங்குமுன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டுவதை நல்ல பட்டறைக்கு விடுங்கள்.

8. கார்பரேட்டர் வண்டிக்குப் பெட்ரோல் ஃபில்டர்

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. வண்டி பத்து கிலோமீட்டர் ஓடி இழுத்து நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது என்றால் உடனே ஃபில்டரைக் குற்றம் சொல்வார்கள். நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். உஸ் என்று காற்று இழுத்து, வண்டி உடனே கிளம்பினால் அடைத்திருப்பது மூடியின் காற்றுத் துவாரம். ஊசியால் குத்திச் சரிசெய்ய வேண்டிய வேலைக்கு ஃபில்டர் வாங்க வேண்டாம்.

அடுத்து, ஓட்டத்தை அளக்க வேண்டும். என்ஜின் ஆறியிருக்கும்போது, வெட்டவெளியில், பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல், குழாயைக் கார்பரேட்டரிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு டேப்பைத் திறங்கள். ஒரு நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது? லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 60 வேகத்தில் போனால் மணிக்கு 1.2 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 20 மில்லி குடிக்கும். மலை ஏற்றத்தில் முழுதாக முறுக்கினால் மூன்று மடங்கு என்று வையுங்கள். நிமிடத்துக்கு 100 மில்லிக்கு மேல் தாராளமாக இறங்கினால் டேப், ஃபில்டர் இரண்டிலும் அடைப்பில்லை. நூல் மாதிரி ஒழுகினால் முதலில் டேப்புக்கு அடியில் இருக்கும் சின்னக் கப்பைக் கழற்றிப் பாருங்கள். அடியில் தண்ணீர்க் குமிழியோ சிவப்புத் துருவோ இருக்கும். ஸ்கூட்டரில் இந்தச் சோதனை அப்படியே நடக்காது. பலவற்றில் என்ஜின் ஓடினால்தான் பெட்ரோல் திறக்கும்.

துருவாக இருந்தால் ஃபில்டர் மாற்றியும் பயனில்லை, வாரம் ஒன்று மாற்ற வேண்டியிருக்கும். டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்வதுதான் வழி. ஐப்பசி மழையில் வெளியே நிற்கும் வண்டிகளுக்கு மூடியின் ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், ஒரு அளவுக்கு மேல் போனால் இரண்டும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்து வெளியூர் போகிறவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பெட்டிக்கடைப் பாட்டில் பெட்ரோல் ஊற்றுகிறவர்கள் ஜல்லடை வைத்த புனல் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதில் தூசி நிற்கும், கலப்படம் நிற்காது.

ஃபில்டர் வாங்கும்போது பழைய குழாயில் ஒரு விரல்நீளத் துண்டைக் கொண்டு போய் முனையில் செருகிப் பாருங்கள். லேசாகத் தள்ளி ஏற வேண்டும். தொளதொளவென்று இருந்து கிளிப்பால் இறுக்கிக்கொள்ளலாம் என்பது வேண்டாம். உள்ளே தெரிகிற மாதிரி உடல் இருந்தால் நல்லது. ஈர்ப்பில் இறங்கும் பெட்ரோலுக்கு நைலான் வலை அல்லது பரப்பு அதிகமுள்ள காகிதம் போதும். மிக நெருக்கமான சின்னக் காகிதம் ஓட்டத்தையே குறைத்துவிடும். குழாய் தேய்ந்திருந்தால் பெட்ரோலுக்கான ரப்பர் குழாயே வாங்குங்கள். தண்ணீர் டியூபை மாட்டினால் சில மாதத்தில் விறைத்து வெடிக்கும்.

மாட்டும்போது மூன்று விஷயம். உடலில் இருக்கும் அம்பு கார்பரேட்டரை நோக்க வேண்டும். குழாய் டேப்பிலிருந்து கார்பரேட்டர் வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் மேடு இருந்தால் காற்று மாட்டிக்கொள்ளும். ஃபில்டர் என்ஜினின் சூட்டுத் தகட்டைத் தொடக் கூடாது, சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றால் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகும். இரண்டு முனைக்கும் ஸ்பிரிங் கிளிப் கட்டாயம்.

மாட்டியதும் ஃபில்டரில் பாதிதான் பெட்ரோல் நிற்கும், மேலே காற்றாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் செய்யாத ஆள் இல்லை. அது சரிதான். வண்டி இழுக்காமல் ஓடினால் விட்டுவிடுங்கள்.

9. பழைய ஆயில் ஃபில்டரை அறுத்துப் பாருங்கள்

தூக்கிப் போடும் முன் இதைச் செய்தால் அடுத்த முறை எதை வாங்குவது என்று உங்களுக்கே தெரியும். ஆயிலை ஒரு இரவு வடிய விட்டு, காகிதத்தைப் பிளேடால் இரண்டு முனையிலும் வெட்டி, தினசரித் தாளில் விசிறி மாதிரி விரியுங்கள்.

கறுத்துச் சீராக இருந்தால் நன்று. ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் புதிதுபோல் இருந்தால் ஆயில் ஓரமாக ஓடியிருக்கிறது; ஃபில்டர் சரியாக உட்காரவில்லை. மடிப்பு உள்பக்கமாகச் சுருங்கியிருந்தால் காகிதம் மட்டம், அல்லது மாற்றத் தாமதம். ஒரு காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி அதன் மேல் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிற மாவு ஒட்டினால் இயல்பு, புது வண்டியின் முதல் சர்வீஸில் நிறையவே வரும். நகத்தில் தட்டுப்படும் செதில்கள் வந்தால் அதை ஒரு தாளில் மடித்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பிளேடு, கத்தி தொடாமல் சிலர் செய்யும் இன்னொரு வேலை உண்டு: காகித ஃபில்டரைப் பெட்ரோலில் அலசி, கம்ப்ரஷர் காற்றடித்துத் திரும்ப மாட்டுவது. காற்று காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசலை உண்டாக்கும், பெட்ரோல் பசையை இளக்கும். கழுவலாம் என்றிருப்பது கம்பி ஜல்லடைக்கு மட்டும்.

10. எப்போது மாற்றுவது

கையேட்டில் உள்ள கிலோமீட்டரே அளவு. ஆனால் கல் குவாரித் தூசியில் தினமும் ஓடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தூசி ஆயிலுக்குள் வருவது ஏர் ஃபில்டர் வழியாக. ஏர் ஃபில்டரில் கிழிசல் இருந்தால் ஆயில் ஃபில்டரை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை. ஆகவே அதை முதலில் திறந்து பாருங்கள், பிறகு ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

புது ஃபில்டரின் டப்பாவில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி, பில்லோடு சீட்டுக்கடியில் செருகி வைக்கிறேன். அடுத்த தடவை கடையில் பார்ட் எண் தேட வேண்டாம். பழைய ஆயிலை அதே ஆயில் டப்பாவில் ஊற்றித் தெருமுனைப் பட்டறையில் கொடுத்துவிடுவேன், அவர்களிடம் வாங்கிப்போக ஆள் வருவார். சாக்கடையில் ஊற்றினால் எங்கள் தெரு வாய்க்கால் போய்ச் சேருவது கண்மாயில்.